வி.வி.எஸ். மாஸ்கோ: ஒரே ஒரு முறை வென்று மறைந்த விமானப்படைக் கூடைப்பந்து அணி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சோவியத் ஒன்றியத்தின் கூடைப்பந்து சாம்பியன்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 1950-ல் தினமோ திபிலிசி. 1951-ல் லித்துவேனியாவின் ஸால்கிரிஸ் கௌனஸ். 1953-லும் 1954-லும் மறுபடி திபிலிசி. நடுவில் 1952-க்கு நேராக மட்டும் வி.வி.எஸ். மாஸ்கோ என்று ஒரு பெயர் இருக்கும். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இந்தப் பட்டியலை யாரிடம் காட்டினாலும் "இது யாருங்க?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் அடுத்தடுத்து அதே சந்தேகங்கள், அதே வரிசையில். பல வருடமாக வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

வி.வி.எஸ்.னா என்ன? ஊர் பேரா, கம்பெனி பேரா?

இரண்டும் இல்லை. ரஷ்ய மொழியில் 'வயென்னோ வஸ்தூஷ்னியே சீலி' என்றால் ராணுவ விமானப் படை. அந்த மூன்று சொற்களின் முதல் எழுத்துகள்தான் வி.வி.எஸ். முழுப் பெயரில் இதோடு எம்.வி.ஓ. என்றும் சேரும். அது மாஸ்கோ ராணுவ வட்டாரத்தைக் குறிக்கும். ஆக, நாட்டின் மொத்த விமானப் படையின் அணி அல்ல இது. மாஸ்கோ வட்டார விமானப் படை வைத்திருந்த விளையாட்டுக் கழகம்.

கழகம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கூடைப்பந்து அதில் ஒரு பிரிவு மட்டுமே. ஐஸ் ஹாக்கி, கால்பந்து, கைப்பந்து என்று இன்னும் பல அணிகள் அதே பெயரில் ஆடின. கூடைப்பந்தின் கதையை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துச் சொன்னால் பாதி புரியாது. அதனால் கீழே அங்கங்கே ஹாக்கியும் கால்பந்தும் வரும்.

ராணுவத்துக்கு எதுக்குங்க கூடைப்பந்து டீம்?

அங்கே அப்போது எல்லா அணிக்கும் பின்னால் ஏதாவது ஒரு துறை இருந்தது. தினமோ என்றால் போலீசும் உளவுத்துறையும் அடங்கிய பாதுகாப்பு அமைப்பு. லோகோமோட்டிவ் ரயில்வே தொழிலாளர்களுடையது. டார்பிடோ கார் தொழிற்சாலைக்காரர்களுடையது. ஸ்பார்ட்டக் கூட்டுறவு அமைப்புகளின் பக்கம் பிறந்தது. ராணுவத்துக்குத் தலைமை அணியாக சி.டி.கே.ஏ. இருந்தது. தனியார் முதலாளி யாரும் கிடையாது என்பதால் ஆட்டக்காரருக்குச் சம்பளம், வீடு, சாப்பாடு எல்லாம் துறை வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

நம் ஊரிலும் ரயில்வே, போலீஸ், ராணுவ அணிகள் உண்டே, அதே மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு வித்தியாசம், அங்கே வேறு வழியே இல்லை. மேல்மட்டத்தில் ஆட வேண்டுமானால் ஏதாவது ஒரு துறையின் சட்டையைப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஸ்டாலின் மகன் நடத்துன டீம்னு சொல்றாங்களே, எந்த ஸ்டாலின்?

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இங்கே பேசுவது சோவியத் தலைவர் ஜோசப் ஸ்டாலினைப் பற்றி. மு.க. ஸ்டாலினுக்கு அவர் பெயரைத்தான் கலைஞர் வைத்தார். 1953 மார்ச் 1 அன்று இங்கே குழந்தை பிறந்தது, மார்ச் 5 அன்று அங்கே அந்தத் தலைவர் இறந்தார். இந்த மார்ச் 5-ஐ ஞாபகத்தில் வையுங்கள், அணியின் முடிவைச் சொல்லும்போது திரும்ப வரும்.

ஜோசப் ஸ்டாலினின் இளைய மகன் வசீலி, 1921-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் போர் விமானியாகப் பறந்தார். 1946-லேயே மேஜர் ஜெனரல் ஆகிவிட்டார். 1948-ல், 27 வயதில், மாஸ்கோ ராணுவ வட்டார விமானப் படைக்கே தளபதி ஆனார். அந்த வயதில் அந்தப் பதவி எப்படி வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. அவருக்கு விளையாட்டின் மேல் வெறி. தன் பொறுப்பில் இருந்த கழகத்தை நாட்டிலேயே பெரியதாக்குவது என்று இறங்கினார்.

அப்போ இன்னைக்கு இருக்கிற சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. இரண்டும் ராணுவம் என்பதால் வரும் குழப்பம் இது. சி.எஸ்.கே.ஏ. என்பது மேலே சொன்ன சி.டி.கே.ஏ.வின் இன்றைய பெயர். அதன் வேர் 1923-ல் இருக்கிறது. நடுவில் சி.டி.எஸ்.ஏ. என்றும் அதற்குப் பெயர் மாறியிருந்தது. வி.வி.எஸ். அதற்குத் தம்பியும் அல்ல, கிளையும் அல்ல. சொல்லப்போனால் நேர் போட்டியாளர். ஒரே ராணுவத்துக்குள் இரண்டு கழகங்கள் ஒரே ஆட்டக்காரர்களுக்காக மோதிக்கொண்டன.

இன்னொரு குழப்பம், 'கிரீலியா சொவேத்தவ்' என்ற கழகம். சோவியத்தின் சிறகுகள் என்று பொருள். பெயரைப் பார்த்து இதுதான் விமானப்படை அணி என்று எழுதிவிடுகிறார்கள். அது விமானம் செய்யும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் கழகம். விமானத்தை ஓட்டியவர்களுடையது வி.வி.எஸ்.

மொத்தம் எத்தனை வருஷம் இருந்துச்சு?

எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. போர் முடிந்த சமயத்தில் கால்பந்து அணி இருந்தது. 1946 டிசம்பரில் நாட்டின் முதல் ஐஸ் ஹாக்கி சாம்பியன் போட்டி தொடங்கியபோது அதிலும் வி.வி.எஸ். ஆடியது. ஆனால் பெரிய கழகமாக அது தலையெடுத்தது வசீலி மாஸ்கோவுக்கு வந்த பிறகுதான். 1953-ல் எல்லாப் பிரிவும் கலைக்கப்பட்டது. ஆக, பெயர் இருந்தது எட்டு வருடத்துக்குள். உச்சியில் நின்றது நாலைந்து வருடம்.

கூடைப்பந்துல உருப்படியா என்ன ஜெயிச்சாங்க?

1952 தேசிய சாம்பியன் பட்டம். ஒரே ஒரு பட்டம்தானே என்று எளிதாக நினைக்க வேண்டாம். அன்றைய சோவியத் கூடைப்பந்தின் பலம் மாஸ்கோவில் இல்லை. லித்துவேனியா, எஸ்தோனியா, லாட்வியா என்ற பால்டிக் பகுதியிலும் ஜார்ஜியாவிலும்தான் இருந்தது. லித்துவேனியா போருக்கு முன்பே, தனி நாடாக இருந்தபோது, 1937-லும் 1939-லும் ஐரோப்பிய சாம்பியன். திபிலிசியில் ஒதார் கோர்கியா என்ற பெரிய ஆட்டக்காரர் இருந்தார். அப்படிப்பட்ட அணிகளைத் தாண்டி ஒரு தலைநகர ராணுவ அணி மேலே வந்தது.

வி.வி.எஸ்.ஸில் எனக்குப் பிடித்த பெயர் அனத்தோலி கோனெவ். சோவியத் அணி 1947-ல் பிராகிலும் 1951-ல் பாரிஸிலும் 1953-ல் மாஸ்கோவிலும் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. மூன்று முறையும் அவர் அணியில் இருந்தார். பாரிஸ் இறுதி ஆட்டத்தில் செக்கோஸ்லோவாக்கியாவை வென்றது 45–44 என்ற ஒற்றைப் புள்ளியில்.

அதே 1952-ல ஒலிம்பிக் நடந்துச்சே, வி.வி.எஸ். போச்சா?

கழகமாகப் போக முடியாது, நாட்டு அணிதான் போகும். ஹெல்சிங்கிதான் சோவியத் ஒன்றியம் கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக். கூடைப்பந்துக்குப் போன 14 பேரில் 8 பேர் பால்டிக்காரர்கள்: லித்துவேனியாவிலிருந்து 4, எஸ்தோனியாவிலிருந்து 3, லாட்வியாவிலிருந்து 1. முந்தைய பதிலில் பலம் எங்கே இருந்தது என்று சொன்னேன் அல்லவா, இந்த எண்ணிக்கையே அதற்குச் சாட்சி. கோனெவ் அந்த 14 பேரில் ஒருவர்.

அமெரிக்காவோடு இரண்டு முறை மோதினார்கள். முதல் முறை 58–86 என்று பெரிய அடி. அரையிறுதியில் உருகுவேயை 61–57 என்று தாண்டி இறுதிக்கு வந்தபோது எதிரே மறுபடி அதே அமெரிக்கா. ஆகஸ்ட் 2 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் 25–36 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள்.

25–36-ஆ? ஒரு டீம் மொத்தமே 25 புள்ளியா? தப்பா டைப் பண்ணிட்டீங்களா?

சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். இன்று ஒரு கால்பகுதி ஆட்டத்திலேயே வரும் புள்ளி அது, அதனால் சந்தேகம் வருவது நியாயம்தான். அன்று ஷாட் கிளாக் கிடையாது. பந்து கையில் வந்தால் இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி இல்லாததால், விருப்பமுள்ள வரை சக ஆட்டக்காரர்களுக்குள் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஹெல்சிங்கியில் நடந்ததைக் கற்பனை செய்து பாருங்கள். எதிரணியில் பாப் கர்லண்ட் என்ற ஏழு அடி ஆள் கூடைக்குக் கீழே நிற்கிறார். கூடவே கிளைட் லவ்லெட். உள்ளே போய் எறிந்தால் தட்டிவிடுவார்கள், திரும்பி வரும் பந்தும் அவர்களுக்கே கிடைக்கும். முதல் ஆட்டத்தில் ஓடி ஆடி 28 புள்ளியில் தோற்றாயிற்று. எனவே சோவியத் ஆட்டக்காரர்கள் நடுக்களத்தில் பந்தை வைத்துக்கொண்டு நகர்த்திக்கொண்டே இருந்தார்கள், உறுதியான இடைவெளி கிடைத்தால் மட்டும் எறிந்தார்கள். பார்வையாளர்களுக்குச் சலிப்பாக இருந்திருக்கும். ஆனால் பாதி ஆட்டம் முடிந்தபோது அமெரிக்கா முன்னால் இருந்தது வெறும் 2 புள்ளிதான், 17–15. பலம் குறைந்த அணி யோசித்து எடுத்த முடிவு அது. அதைக் கோழைத்தனம் என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். 1950 நவம்பரில் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்று ஃபோர்ட் வெய்ன் 19, மினியாபொலிஸ் 18 என்று முடிந்தது. என்.பி.ஏ. 1954-ல் 24 நொடி விதியைக் கொண்டுவந்தது. சர்வதேச ஆட்டத்தில் 30 நொடி விதி வந்தது 1956-ல்.

வி.வி.எஸ்.ல ஆடினவங்க நிஜமாவே பைலட்டா?

பெரும்பாலும் இல்லை. பதவியும் சீருடையும் இருந்தன, விமானம் ஓட்டும் வேலை இல்லை. ராணுவ அணிகளுக்கு ஒரு பெரிய வசதி, கட்டாய ராணுவ சேவை. நல்ல ஆட்டக்காரர் வேறு ஊரில் இருந்தால் அவரைச் சேவைக்கு அழைத்துக்கொள்ளலாம், சேவை செய்யும் இடம் பயிற்சி மைதானம்.

அப்படியானால் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பியது ஏமாற்று இல்லையா என்று உடனே அடுத்த கேள்வி வரும். அன்றைய ஒலிம்பிக்கில் அமெச்சூர்கள் மட்டும்தான் ஆடலாம். சோவியத் தரப்பு இவர்களை ராணுவ ஊழியர், மாணவர் என்று காட்டியது. சரி, எதிரே வந்தவர்கள் யார்? மேலே சொன்ன கர்லண்ட், பிலிப்ஸ் எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர், அந்த நிறுவனத்தின் அணியில் ஆடியவர். அமெரிக்க அணியின் இன்னொரு பகுதி பியோரியா நகரத்து கேட்டர்பில்லர் நிறுவனத்தின் அணியிலிருந்து வந்தது. ஒருபக்கம் விமானப்படைச் சம்பளம், மறுபக்கம் நிறுவனச் சம்பளம். இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்களும் தினமும் பயிற்சி செய்தவர்கள்தான். சோவியத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வசீலி எல்லா டீம்லேர்ந்தும் ஆளைத் தூக்கிட்டு வந்தாராமே?

அது உண்மை. மாஸ்கோ ரசிகர்கள் வி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துக்குத் தாங்களே விரிவாக்கம் கண்டுபிடித்தார்கள். 'வதாகா வசீலியா ஸ்டாலினா', அதாவது வசீலி ஸ்டாலினின் கும்பல் என்பது ஒன்று. 'வ்ஸ்யாலி வ்ஸேக் ஸ்பர்த்ஸ்மேனவ்', எல்லா விளையாட்டுக்காரரையும் வளைத்துப் போட்டுவிட்டார்கள் என்பது இன்னொன்று. வீடு, பதவி உயர்வு, நல்ல சம்பளம் எல்லாம் அவரால் தர முடிந்தது. போர் முடிந்து சில வருடமே ஆன மாஸ்கோவில் ஒரே அறையில் ஒரு குடும்பம், பொதுச் சமையலறை என்று பலர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊரில் தனி வீடு என்றால் அது எவ்வளவு பெரிய ஈர்ப்பு என்று யோசியுங்கள். கால்பந்து, ஹாக்கி இரண்டிலும் நாட்டின் நட்சத்திரமாக இருந்த வ்செவலாத் பொப்ரோவ் சி.டி.கே.ஏ.விலிருந்து வந்தது இந்தக் காலத்தில்தான்.

எல்லோரும் மயங்கிவிடவில்லை. பிற்பாடு சோவியத் ஹாக்கியின் மாபெரும் பயிற்சியாளராகப் பெயர் எடுத்த அனத்தோலி தராசவ் முதலில் வி.வி.எஸ்.ஸில்தான் இருந்தார். வசீலியின் தலையீடு ஒத்துவரவில்லை, விலகி சி.டி.கே.ஏ.வுக்குப் போய்விட்டார்.

சிறையிலேர்ந்து ஒரு கோச்சைக் கொண்டு வந்த கதை நிஜமா?

நிஜம். சம்பந்தப்பட்டவரே தன் நினைவுகளில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அவர் நிக்கொலாய் ஸ்தாரொஸ்தின், ஸ்பார்ட்டக் கழகத்தை உருவாக்கிய சகோதரர்களில் மூத்தவர். 1942-ல் கைதாகி, பத்து வருடத் தண்டனை பெற்று, தூரத்து முகாம்களில் கால்பந்து பயிற்சியாளராகக் காலம் தள்ளினார். 1948-ல் வசீலி அவரை விமானத்தில் மாஸ்கோவுக்கு வரவழைத்தார், வி.வி.எஸ். கால்பந்து அணியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

பாதுகாப்புத் துறையின் பெரும்புள்ளி லவ்ரேந்தி பெரியா. மேலே சொன்ன தினமோவின் காவல்தெய்வம் அவர்தான். 24 மணி நேரத்தில் மாஸ்கோவை விட்டு வெளியேறு என்று ஸ்தாரொஸ்தினுக்கு உத்தரவு வந்தது. வசீலி அவரைத் தன் சொந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார். இரவில் ஒரே கட்டிலில் படுப்பார்கள், தலையணைக்கு அடியில் வசீலியின் துப்பாக்கி இருக்கும் என்று ஸ்தாரொஸ்தின் சொல்கிறார். ஒரு இரவு பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஜன்னல் வழியாக இறங்கி வீட்டுக்குப் போனார். விடியும் முன்பே கதவைத் தட்டிவிட்டார்கள். கடைசியில் அவருக்குக் கிடைத்தது கஜகஸ்தான் வாசம். ஸ்டாலின் இறந்த பிறகுதான் மாஸ்கோவும் ஸ்பார்ட்டக்கும் திரும்பக் கிடைத்தன. ஜன்னலில் இறங்கிப் போன அந்த அப்பாவை நினைக்காமல் இந்தக் கழகத்தைப் பற்றி என்னால் பேச முடிவதில்லை.

பிளேன் விழுந்து கூடைப்பந்து டீம் மொத்தமா இறந்துபோச்சுன்னு படிச்சேனே?

விபத்து நடந்தது உண்மை, அது ஹாக்கி அணி. கழகத்தின் பெயர் ஒன்றாக இருப்பதால் இந்தத் தவறு பரவுகிறது. 1950 ஜனவரி 7. செல்யாபின்ஸ்க் நகரத்தில் ஆட்டம். மாஸ்கோவிலிருந்து லி-2 ரக விமானத்தில் கிளம்பினார்கள். செல்யாபின்ஸ்கில் வானிலை மோசம் என்பதால் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகரத்தின் கொல்த்ஸொவா விமான நிலையத்துக்குத் திருப்பினார்கள். அங்கேயும் பனிப்புயல். தரையிறங்க முயன்றபோது விமானம் விழுந்து நொறுங்கியது. 11 ஆட்டக்காரர்கள், மருத்துவர், மசாஜ் செய்பவர், விமானக் குழுவினர் 6 பேர், ஆக 19 பேரும் இறந்தார்கள். அனத்தோலி தராசவ் இந்தக் கழகத்தை விட்டு விலகியதை மேலே சொன்னேன். அவருடைய தம்பி யூரி அந்த விமானத்தில் இருந்தார். ரிகாவிலிருந்து வந்த கோல்கீப்பர் ஹாரிஸ் மெல்லூப்ஸும் இருந்தார்.

பத்திரிகைகளில் செய்தி வரவில்லை. புது ஆட்களைச் சேர்த்து அணியை உடனே களத்தில் இறக்கினார்கள். இறந்தவர்களின் குடும்பப் பெயரையே கொண்ட ஆட்டக்காரர்கள் சிலரைத் தேடிச் சேர்த்தார்கள், ஆட்டக் குறிப்பை வாசிப்பவருக்கு எதுவும் நடந்ததாகத் தோன்றக் கூடாது என்பதற்காக. அண்ணன் தம்பி இருவர் ஆடிய ஷிபுர்தோவிச் குடும்பத்தில் யூரி இறந்தார், பாவெல் தொடர்ந்து ஆடினார். தன் வீட்டுச் சாவை ஊருக்குச் சொல்ல முடியாமல், அதே பெயரோடு பனித்தரையில் இறங்கி ஆடுவது என்றால் அந்த மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்!

பொப்ரோவ் தூங்கிட்டதால பிழைச்சாரா?

அவர் சொன்ன கதை அதுதான். காலையில் எழுப்ப வேண்டிய கடிகாரம் அடிக்கவில்லை, விமானத்தைத் தவறவிட்டார், ரயில் ஏறினார். வேறு காரணங்களும் பேச்சில் உண்டு. விக்தோர் ஷுவாலவ் பிழைத்தது வேறு விதம். அவர் முன்பு செல்யாபின்ஸ்க் அணியில் ஆடியவர், அந்த ஊர் ரசிகர்கள் கூச்சல் போடுவார்கள் என்று அவரை மாஸ்கோவிலேயே விட்டுவிட்டார்கள். அலெக்சாந்தர் வினகிராதவ் தடையில் இருந்ததால் போகவில்லை. இந்த மூவரையும் சுற்றித் திரும்பக் கட்டிய அணிதான் 1951, 1952, 1953 என்று தொடர்ந்து மூன்று முறை ஹாக்கி சாம்பியன் ஆனது.

கழகத்தைக் கலைச்சது பெரியாவா?

பெரியாவின் பகை பெரிதுதான், ஸ்தாரொஸ்தின் கதையே போதும். ஆனாலும் ஒரே ஆளைக் கைகாட்டினால் வருடங்கள் பொருந்தாது. வசீலியின் குடி எல்லை மீறிப் போனது. 1952 கோடையில், தந்தை உயிரோடு இருந்தபோதே, தளபதிப் பதவி பறிபோனது. 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். அதே மாதம் வசீலியை ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள், ஏப்ரல் 28 அன்று கைது. கழகத்துக்கு இனிமேல் ஆதரவு சொல்ல யாரும் இல்லை. ஒவ்வொரு பிரிவாக மூடினார்கள். ஜூனில் பெரியாவும் கைதானார், டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அணியைக் கலைப்பது அன்று அபூர்வமும் இல்லை. ஹெல்சிங்கி ஒலிம்பிக் கால்பந்தில் யூகோஸ்லாவியாவிடம் தோற்றதற்காக, நாட்டின் சிறந்த அணியான சி.டி.எஸ்.ஏ. கால்பந்து அணியையே 1952 ஆகஸ்ட்டில் கலைத்தார்கள். அரசியல் கோபம் வந்தால் சாம்பியனாக இருந்தும் பயனில்லை.

டீம் போனதும் ஆட்டக்காரங்க தெருவுக்கு வந்துட்டாங்களா?

இல்லை. பலர் சி.டி.எஸ்.ஏ.வுக்குப் போனார்கள். நேற்று வரை மோதிய கழகத்தின் சட்டையை இன்று போட வேண்டியதாயிற்று. கோனெவ் 1953 ஐரோப்பியப் போட்டியில் ஆடியதை முன்பே சொன்னேன். அது தொடங்கியது மே 24, வசீலி கைதாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாஸ்கோவில் திறந்தவெளியில், வானத்துக்குக் கீழே அந்தப் போட்டி நடந்தது. நடந்த இடம் தினமோ ஸ்டேடியம், அதாவது பெரியா தரப்பின் மைதானம். தங்கள் கழகமே இல்லாமல் போன அந்த நாட்களில் அங்கே போய் நின்று தங்கம் வென்றவரை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

ராணுவக் கூடைப்பந்தின் அடுத்த அத்தியாயம் மாஸ்கோவில் நடக்கவில்லை, ரிகாவில் நடந்தது. அலெக்சாந்தர் கமெல்ஸ்கி என்ற இளம் பயிற்சியாளர் அங்கே ராணுவ அணியைக் கட்டினார். அது 1955, 1957, 1958-ல் தேசிய சாம்பியன். ஐரோப்பிய சாம்பியன் கோப்பை 1958-ல் தொடங்கியபோது முதல் மூன்று கோப்பைகளையும் அதே அணி தூக்கியது.

எல்லாம் அப்பா தயவு. இதை ஒரு சாம்பியன்னு எப்படிங்க ஏத்துக்கிறது?

என்னிடம் அதிகம் சண்டை போடப்பட்ட கேள்வி இது. வீடு, பதவி, ஆள் சேர்ப்பு எல்லாவற்றிலும் அதிகாரம் வேலை செய்தது, மறுக்கவில்லை. நடுவரை மிரட்டித்தான் ஜெயித்தார்கள் என்றும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். அங்கேதான் நான் நிற்கிறேன். வசீலி தளபதியாக இருந்த காலத்தில் நாலைந்து சாம்பியன் போட்டிகள் வந்து போயின. மிரட்டினாலே பட்டம் வரும் என்றால் ஒவ்வொரு வருடமும் வந்திருக்க வேண்டும். கூடைப்பந்தில் ஒரே முறைதான் வந்தது. அவ்வளவு காசும் ஆளும் கொட்டிய கால்பந்து அணி 1950-ல் 4-ம் இடம் வந்ததுதான் அதிகபட்சம். கடைசி ஹாக்கிப் பட்டம் வந்தபோது வசீலி தளபதியே அல்ல.

ஆட்டக்காரரின் பக்கமிருந்தும் பாருங்கள். எந்தத் துறையின் சட்டையைப் போட்டாலும் மேலே ஒரு அதிகாரி இருந்தார். தினமோக்காரருக்குப் பெரியா, இவர்களுக்கு வசீலி. யாரும் இல்லாத அணி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. புரவலரின் பாவத்தை எறிந்தவர் கையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

இப்போ மாஸ்கோ போனா இவங்க ஞாபகமா ஏதாச்சும் பார்க்க முடியுமா?

லெனின்கிராத்ஸ்கி சாலையில் சி.எஸ்.கே.ஏ. நீச்சல்குளம் இருக்கிறது. அது வசீலி தொடங்கி வைத்த வேலை. அரசுப் பணத்தை இஷ்டத்துக்குச் செலவழித்தார் என்பது பிற்பாடு அவர் மேல் வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1955-ல் 8 வருடச் சிறை விதித்தார்கள். கடைசிக் காலத்தில் கஸான் நகரத்துக்கு அனுப்பப்பட்டு, 1962 மார்ச் 19 அன்று 40 வயதில் அங்கேயே இறந்தார். 2002-ல் உடலை மாஸ்கோவின் த்ரயேகூரவ் கல்லறைக்கு மாற்றினார்கள்.

எனக்குப் போக முடிந்தால் மாஸ்கோவுக்கு முன்னால் ஸ்வெர்த்லோவ்ஸ்க் போவேன். இன்று அதன் பெயர் எக்கத்தெரின்பூர்க். கொல்த்ஸொவா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த ஹாக்கி ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் புதைத்த இடம் இருக்கிறது, நினைவுச் சின்னமும் வைத்திருக்கிறார்கள். அன்று செய்தித்தாளில் வராத பெயர்களை இன்று அங்கே நின்று வாசிக்கலாம்.